நாலு சக்கரத்திலும் பிரேக்

பொய் சொல்ல வாய் வேண்டும் என்று யார் சொன்னது? பதினோரு மாதமாக நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டையை இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். மிச்சத்தை மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

எங்களுடையது சீவலப்பேரி ரோட்டில் நெல் அறுப்பு மெஷின் பழுது பார்க்கும் பட்டறை. முதலாளி கார்த்திகேசன் அண்ணாச்சி. ஆற்றுப் பாசனத்தில் அவர் குடும்பத்துக்கு இருந்த வயலெல்லாம் அவர் அப்பா காலத்திலேயே கைமாறிப் போயிற்று. இப்போது ஊரார் வயலில் இறங்கும் மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். தலைமை மெக்கானிக் சொரிமுத்து அண்ணன். அவருக்குக் கீழே நான், சுடலைமணி. கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். போல்ட் வர மறுத்தால் போல்ட்டை வைவேன், ஸ்பேனர் வழுக்கினால் அது செய்த கம்பெனிக்காரனை வைவேன். என்னை வைய மட்டும் எனக்கு வாய் வந்ததில்லை.

பட்டறையில் ஒரு டூல் பெட்டி இருக்கிறது. இடுப்பு உயரம், ஏழு இழுப்பறை, சிவப்புப் பெயிண்ட். ஸ்பேனர், சாக்கெட் செட், சம்மட்டி எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோ வரும். அடியில் நாலு சக்கரம். மெஷின் எங்கே நிற்கிறதோ அங்கே தள்ளிக்கொண்டு போவோம். அதன் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர்தான் தலைமை மெக்கானிக். போன ஆயுத பூசை வரை அது அண்ணன் இடுப்பில் தொங்கியது. இப்போது என் இடுப்பில் தொங்குகிறது.

அந்தப் பூசை அன்று நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்.

தண்ணீர் விட்டுக் கழுவ வசதியாக எங்கள் பட்டறைத் தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கும். பழைய சக்கரங்களில் பிரேக் கிடையாது. அதனால் பெட்டியை நிறுத்தினால் முன் சக்கரம் உருளாமல் இருக்க அண்டையாக ஒரு வேலங்கட்டையைக் கொடுப்போம். பூசை அன்று காலையில் அண்ணன் பெட்டியைத் துடைத்து, இடம் பார்த்து நிறுத்தி, கட்டையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதை என் கண்ணால் பார்த்தேன்.

வருடம் முழுக்க உழைத்தது எதுவானாலும் பூசையில் அதற்குப் பொட்டு உண்டு என்பது அண்ணாச்சியின் சட்டம். கிரீஸ் கன், விளக்குமாறு, குப்பை அள்ளும் முறம் வரை வரிசையில் வந்தாக வேண்டும். பொறுக்கிச் சேர்க்கிற வேலை என்னுடையது. அந்தக் கட்டையைப் பார்த்ததும், இந்தப் பட்டறையில் இதைவிட உழைத்தது எது என்று தோன்றிவிட்டது. எடுத்தேன், கழுவினேன், சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன், சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர்களோடு அடுக்கினேன். மேலே குவிந்த பூவில் அது யார் கண்ணிலும் படவில்லை. சக்கரத்துக்கு ஒரு செங்கல்லைக் கொடுப்போம் என்று திரும்பும்போது, பூசணிக்காயில் குங்குமம் தடவ அண்ணாச்சி கூப்பிட்டார். போய்விட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. கர்ப்பூரம் காட்டும்போது ஞாபகம் வந்தது. ஆனால் பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை வரை யாரும் தொடக் கூடாது. செங்கல்லோ வெளியே கிடந்தது. ஒரு மணி நேரமாக நின்ற பெட்டி இன்னும் கொஞ்ச நேரம் நிற்காதா என்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பெட்டிக்கு மாலை போடப் போனார். பள்ளத்துப் பக்கம் நின்று, குனிந்து, கைப்பிடியில் நூலைக் கட்டினார். பெட்டி நகர்ந்துவிட்டது. அதற்கும் அவருக்குப் பின்னால் நின்ற மெஷினின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அவருடைய வலது பாதம் மாட்டியது. இரண்டு விரல் போயிற்று. கணுக்காலில் கம்பி வைத்தார்கள். பெட்டியின் சக்கரம் ஒன்று பிய்ந்துவிட்டது, மற்றொன்று வளைந்துவிட்டது.

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடினார்கள். பட்டறையைப் பூட்ட நான் தங்கினேன். அப்போதுதான் அதைச் செய்தேன். தொடக் கூடாத கட்டையைத் தொட்டேன். பழந்துணியால் சந்தனத்தைத் துடைத்து, வேலை இல்லாதபோது அது இருக்கும் அலமாரித் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். திட்டம் போட்டுச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை என்ன தானாகச் செய்யும், சவம்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து அலமாரியைப் பார்த்தார். "கட்டை இங்கனயே இருக்கு. இந்த மனுசன் வைக்கவே இல்லியே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மறு வாரமே சாவி என்னிடம் வந்தது.

கால் குணமாகி நாலு மாதத்தில் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். நொண்டல் இருந்தது. அதை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாதது வேறு. கட்டையை வைத்ததாக அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கட்டை அலமாரியில் இருந்தது என்று பட்டறை ஆட்கள் ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். அந்த மனிதர் என்ன செய்வார்? அலமாரியை நம்பினார், தன் மூளையை நம்பவில்லை. அவருடைய அய்யாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்து, பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டாராம். அது தனக்கு நாற்பத்தெட்டு வயதிலேயே வந்துவிட்டது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டார். சிலிண்டர் மூடியாச்சு, கதவு பூட்டியாச்சு என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போடுவார். பைக்கை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வந்தார். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து கேட் வரைக்கும் போவார், நின்று யோசிப்பார், கம்ப்ரசர் சுவிட்சை அணைத்தோமா என்று பார்க்கக் காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருவார். அணைத்துத்தான் இருக்கும். ஒரு நாள்கூட அவர் அணைக்காமல் போனதில்லை. அவர் திரும்பி வரும் அந்த இருபது அடியை நான் தினமும் ஏதாவது மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இந்த வருடப் பூசைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏலே மணி, செங்கல்ல முட்டுக் கொடுத்து எத்தன நாளைக்குல அந்தப் பெட்டிய நிறுத்துவ? கார் நெல்லு அறுப்பு தொடங்கப் போவுது. ஜங்ஷனுக்குப் போயி நல்ல சக்கரமா நாலு வாங்கிட்டு வா. சொரிமுத்துவயும் கூட்டிக்கோ. சக்கரத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்."

எனக்குத் தெரியாதுதான். அண்ணன் நோட்டில் அளவெல்லாம் எழுதி, பெட்டியின் அடித்தகட்டை ஓர் அட்டையில் வைத்து, போல்ட் ஓட்டைகளைப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டார். என் பைக்கில் பின்னால் ஏறினார். சமாதானபுரம் வரும்போது தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். செல்லை எடுத்து வீட்டில் மனைவியிடம் பேசினார்.

"ஏட்டி செல்வி, வீட்டுலதான இருக்க? அடுப்படியில சிலிண்டரு மூடியிருக்கான்னு பாரு. ம். மூடியிருக்கா? சரி வை." செல்லை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நோட்டுல டிக் இருக்குல. டிக் போட்டது நெசமான்னு தெரியலல்லா."

கண்ணாடியில் வண்டி ஏதும் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

ஜங்ஷனில் அசன் மைதீன் பாய் கடை. வாசலில் இருந்து உள்சுவர் வரைக்கும் சக்கரங்கள்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் சக்கரம் முதல் குப்பை வண்டிச் சக்கரம் வரை தொங்கும்.

"எடை எவ்வளவு வரும் வே?" என்று பாய் கேட்டார்.

"முந்நூறு. நாலு சக்கரம், ஒண்ணுக்கு எழுவத்தஞ்சு" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அவன் சொல்லுதத விடுங்க பாய்" என்றார் அண்ணன். "எங்க தரை சமமா இருக்காது. நாலு சக்கரம் போட்டாலும் மூணுதான் பாரம் தாங்கும், ஒண்ணு அந்தரத்துல சும்மா நிக்கும். மூணுக்குத்தான் வகுக்கணும். ஒண்ணுக்கு நூறு. பள்ளத்துல இறங்கி ஏறும்போது அடி வாங்குமில்லா, நூத்தம்பது தாங்குதது குடுங்க."

அந்தரத்தில் நிற்கிற அந்த ஒன்று நான்தான் என்று எனக்கு உடனே உறைத்தது. பாய் இரண்டு விதமான சக்கரத்தை மேசையில் வைத்தார். ரப்பர் வேண்டாம் என்றார் அண்ணன், டீசலும் ஆயிலும் பட்டுப்பட்டு ஊதிப் போகும். நைலான் வேண்டாம், உருட்ட லேசாக இருக்கும், எண்ணெய்த் தரையில் வழுக்கும். மஞ்சள் நிறத்தில் இருந்த பாலியூரித்தேன் சக்கரத்தை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். நாலு அங்குலம் போதுமே என்று பாய் சொன்னதற்கு, தரை விரிசலில் மாட்டும், ஆறு அங்குலம் கொடுங்கள் என்றார். ஒவ்வொன்றையும் திருப்பி, கழுத்துப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று காதருகே வைத்துச் சுழற்றினார். அட்டையில் வரைந்த ஓட்டையோடு ஒட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். இந்த மூளையிலா கோளாறு?

"பின்னால ரெண்டு நேர்ச்சக்கரம், முன்னால ரெண்டு திரும்புத சக்கரம், அதுல மட்டும் பிரேக். எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க" என்றார் பாய்.

"வேண்டாம் பாய். நாலுலயும் பிரேக் வேணும். மிதிச்சா உருளவும் கூடாது, திரும்பவும் கூடாது."

"விலை கூடுமே. எதுக்கு நாலுலயும்?"

"அண்டை கொடுக்க மறக்குத ஆளு ஒருத்தன் எங்க பட்டறைல இருக்கான்."

"யாரு, இந்தத் தம்பியா?" என்று பாய் என்னைப் பார்த்து விளையாட்டாகக் கேட்டார்.

"சே, இவன் இல்ல. நான்தான்."

பாய் அண்ணனின் காலைப் பார்த்துவிட்டுச் சக்கரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். நான் ரசீதை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தேன். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் சம்பந்தமில்லாமல் பாயோடு சண்டை பிடித்திருப்பேன்.

திரும்பும்போது ஆற்றுப் பாலம் தாண்டி, வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சாக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமை தலைல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. எடுத்தாலும் எடுக்காட்டியும், பூசையோட நான் நின்னுக்கிடுதேன்ல."

"என்னண்ணே சொல்லுதிய?"

"யோசிச்சுப் பாரு. இன்னைக்கு என் கால்தான போச்சு. நாளைக்கு ஒரு போல்ட்ட முறுக்க மறந்துட்டேன்னு வையி. வயல்ல எவன் கையாவது மெஷின்ல போச்சுன்னா? அது பாவம்ல. செல்விகிட்டயும் சொல்லிட்டேன். இந்தப் பெட்டிக்கு நல்ல சக்கரமாப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டா, மனசு ஆறிரும்."

இருபத்தாறு வருடம் மெஷினைத் தொட்டவர். காதை வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்வார். அவர் வேலையை விடுகிறார், நான் வைத்த இடத்தில் ஒரு கட்டை இருந்ததற்காக. அங்கேயே சொல்லியிருக்கலாம். பஸ் இரைச்சல், கூட்டம் என்று ஒரு சாக்குக் கிடைத்தது. பதினோரு மாதமாக எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பட்டறைக்கு வந்து ஜாக்கி கொடுத்துப் பெட்டியைத் தூக்கினோம். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நாலு போல்ட். அண்ணன் முறுக்கினார், நோட்டில் டிக் போட்டார், பிறகு அந்த டிக்கை நம்பாமல் மறுபடி ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். பதினாறு போல்ட்டையும் மூன்று தடவை பார்த்தார். ஜாக்கியை இறக்கியதும் பெட்டியை ஒரு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் போயிற்று. சரிவின் நடுவில் நிறுத்தி, நாலு பிரேக்கையும் மிதித்துவிட்டு, மேலே சாய்ந்து முழு பலத்தோடு தள்ளினார். பெட்டி அசையவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

"இனி கட்டையே வேண்டாம்ல. அலமாரில இருக்கும் பாரு, அந்தச் சவத்த எடுத்து டீ போடுத அடுப்புல போட்டுரு. அதப் பாத்தாலே எனக்குக் கால் வலிக்கி."

அந்த விபத்துக்குப் பிறகு அவர் அந்தக் கட்டையைக் கையால் தொட்டதே இல்லை. நான் போய் எடுத்தேன். அதன் பக்கவாட்டில் ஒரு விரிசல் உண்டு. அன்று அவசரத்தில் துடைத்தபோது உள்ளே போன குங்குமம் அங்கே அப்படியே இருந்தது. அது இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு, மறைத்த இடம் மறக்குமா? இப்போது அடுப்பில் போட்டால் அதுவும் முடிந்தது. போடச் சொல்வதும் அவரே. அடுப்பு வரைக்கும் போனேன். நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கக் கேவலமாக இருந்தது. திரும்பி வந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கட்டை வச்சிருந்திய."

"சவத்த விடுல. அது முடிஞ்ச கதை."

"நான் பாத்தேன். நீங்க குளிக்கப் போன பொறவு நான்தான் எடுத்தேன், பூசைக்கு வைக்க. உங்க கால் போன பொறவு அலமாரில கொண்டு வச்சதும் நான்தான்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் தயாராக இல்லை.

"நான் வேலைய விடுதேன்னு சொன்னது உனக்கு மனசு கேக்கல. அதுக்காகப் பழிய இழுத்து உன் தலைல போட்டுக்கிடுத. நல்லவன்ல நீ."

நல்லவனாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விரிசலுக்குள் விட்டுச் சுரண்டினேன். அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் தட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பதினோரு மாதம் கழித்தும் சந்தனம் லேசாக மணந்தது.

"அண்டைக் கட்டைக்கு யாரு பொட்டு வச்சா?"

"நான்தான்."

"எப்போ?"

"அன்னைக்குக் காலைல. முன் சக்கரம், இடது பக்கம் வச்சிருந்திய. வச்சுட்டுக் குதிகாலால ஒரு தட்டுத் தட்டி இறுக்கினிய. அத நான் பைய உருவி எடுத்தேன்."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு, அந்தக் குதிகாலையே பார்த்தார்.

"தட்டினேன்" என்றார். "எனக்கு ஞாபகம் இருந்துச்சுல. தட்டினது இந்தக் குதிகால்லயே ஞாபகம் இருந்துச்சு. கனவுல கண்டத நெசம்னு நெனைக்கேன்னு இருந்தேன்."

நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவர் செல்லை எடுத்தார்.

"ஏட்டி செல்வி, நான் கட்டை வச்சிருந்தேன். கேக்கா? நான் வச்சிருந்தேன்ட்டி. ஆமா, அன்னைக்குத்தான். வச்சிருந்தேன்." மறுமுனையில் அந்த அக்கா என்ன, என்ன என்று பதறுவது எனக்கும் கேட்டது. அவர் அழுதுகொண்டே வச்சிருந்தேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணாச்சி வந்ததும் நானே சொன்னேன். சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தேன். அண்ணாச்சி சாவியை அண்ணன் பக்கம் நகர்த்தினார். "உம்ம ஒரு வார்த்த கேக்காம அலமாரியக் கேட்டேன் வே. எம்மேலயும் தப்புதான்" என்றார்.

அண்ணன் சாவியைக் கையில் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கால் போனதுக்கு நான் உன்ன மன்னிச்சிருவேன்ல மணி. அது கை தவறின மாதிரி. இந்தப் பதினோரு மாசத்துக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. எம்புள்ள கையப் பிடிச்சு ரோட்டத் தாண்டப் பயந்தேன்ல நான்."

ஓர் அடி கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். இதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் இரண்டில் மட்டும் பிரேக் போதும் என்றால் மற்றதைப் பாய் கடையில் மாற்றி வந்துவிடுகிறேன் என்று எதையோ உளறினேன்.

"நாலும் இருக்கட்டும்" என்றார் அண்ணன். "இனி நீயும் தள்ளணும்லா."

ஐந்தரை மணிக்கு அவர் கம்ப்ரசரை அணைத்தார், கை கழுவினார், சாவியை எடுத்து இடுப்பில் சொருகினார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. காலை இழுத்து இழுத்துக் கேட் வரைக்கும் போனார். அங்கே வழக்கம்போல நின்றார். நான் எந்த மெஷினுக்கு அடியிலும் போய்ப் படுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. கேட்டைத் திறந்து, வெளியே போய், சாத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் போய்ச் சுவிட்சைப் பார்த்தேன். அணைத்திருந்தது. பெட்டியிடம் வந்து நாலு பிரேக்கையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனவன், மறுபடி இறங்கி வந்து பார்த்தேன்.